ஒரு முதியவரின் வாக்குக் கணக்கு

தேர்தல் நெருங்கும் நாள்களில், மஃக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட பொழுதில், நம்மூர்ப் பள்ளிவாசல் முற்றங்களில் ஒரு வழக்குத் தவறாமல் எழும். நல்லவர் ஒருவர் நிற்கின்றார். ஆனால் அவர் வெல்ல மாட்டார். வெல்லக்கூடிய இருவரும் நல்லவரல்லர். இந்நிலையில் நம் வாக்கு யாருக்கு? 'நல்லவருக்கே இடுவேன், வெற்றி தோல்வி இறைவன் கையில்' என்பார் ஒருவர். 'உமது வாக்கு வீண். பெருந்தீமை உள்ளே வர நீரே கதவைத் திறந்துவிட்டீர்' என்பார் மற்றவர். 'நான் அன்று கடையைத் திறக்கப் போகின்றேன். வாக்குச் சாவடிப் பக்கமே வருவதாக இல்லை' என்பார் மூன்றாமவர். வழக்கு முடியுமுன் பாங்கு ஒலிக்கும். தீர்ப்பு அடுத்த தேர்தலுக்குத் தள்ளிவைக்கப்படும்.

இம்மூவரும் ஒரே மனிதரின் நெஞ்சுக்குள் அமர்ந்து வாழ்நாள் முழுதும் வாதாடிய வரலாற்றைச் சொல்லும் கட்டுரை ஒன்று உண்டு. அமெரிக்கக் கறுப்பினப் பேரறிஞர் டபிள்யூ. இ. பி. டூ பாய்ஸ் எழுதியது. 'தி நேஷன்' இதழில் 1956 அக்டோபர் 20 அன்று வெளிவந்தது. அவ்வாண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் தாம் வாக்களிக்கப் போவதில்லை என்பதே அதன் தலைப்பு. அதுவே அதன் பொருளும். அளவில் சிறிய அக்கட்டுரை, இவ்வினா எழும்போதெல்லாம் எடுத்துக்காட்டப்படும் பெருமையுடையது. புகழப்பட்ட அளவுக்கு அது எடைபோடப்பட்டதா என்பது நம் ஐயம். அதனை எடைபோடுவதே இங்கு நம் நோக்கம்.

எழுதியவர் யார்?

டூ பாய்ஸ் 1868-இல், மசாசூசெட்ஸ் மாநிலத்துக் கிரேட் பாரிங்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. 1903-இல் வெளியான 'கறுப்பின மக்களின் ஆன்மாக்கள்' என்னும் நூல் அவரை உலகறியச் செய்தது. 1909-இல் தோன்றிய கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தின் நிறுவனர்களுள் ஒருவராக விளங்கி, அதன் இதழாகிய 'தி கிரைசிஸ்' ஏட்டை 1910 முதல் 1934 வரை நடத்தினார். அமெரிக்கக் கறுப்பின மக்களுக்குக் காந்தியடிகள் விடுத்த செய்தி 1929-இல் வெளியானது அவ்வேட்டில்தான்.

அவர் தேர்தலைத் தொலைவில் நின்று பார்த்தவரல்லர் என்பதையும் ஈண்டு குறித்தல் வேண்டும். 1950-இல், தம் எண்பத்திரண்டாம் வயதில், அமெரிக்கத் தொழிலாளர் கட்சியின் சார்பில் நியூயார்க் மாநிலத்திலிருந்து செனட் சபைக்குப் போட்டியிட்டார். அதுவும் இரு பெருங்கட்சிகளுக்கு வெளியே நின்ற மூன்றாம் அணிதான். தோற்றார், எனினும் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் அவருக்கு வாக்களித்தனர். மறு ஆண்டே, அந்நிய நாட்டின் முகவராகச் செயற்பட்டார் எனக் குற்றஞ்சாட்டப்பட்டுக் கையில் விலங்குடன் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. ஆயினும் அரசு அவருக்குக் கடவுச்சீட்டு வழங்க மறுத்து வந்தது. 1956-இல் அவர் எழுதுகோலை எடுத்தபோது, உலக அரங்குகள் பல அழைத்தும் தம் நாட்டு எல்லையைத் தாண்ட இயலாத முதியவராகவே இருந்தார். கட்டுரையின் கசப்புக்கு வேர் எங்கே என்பதை அறிய இப்பின்னணி போதும்.

கணக்கேடு

கட்டுரையின் முற்பகுதி ஒரு கணக்கேடாகவே அமைந்துள்ளது. சிட்னி லென்ஸ் என்பார் அதே இதழில் சில வாரங்கட்கு முன் ஒரு நெறியை வகுத்திருந்தார்: பெருங்கட்சிகள் தகாதனவாயின், வெல்லாதெனத் தெரிந்தும் மூன்றாம் கட்சிக்கு வாக்களிக்கலாம், மூன்றாவது இல்லையெனில் இரு தீமைகளுள் சிறியதைத் தேரலாம். இருபத்தொரு வயது எய்திய 1889 முதல் தாமும் கொள்கையளவில் இந்நெறியிலேயே நடந்ததாக டூ பாய்ஸ் சொல்கின்றார். பிறகு நடந்து என்ன கண்டார் என்பதை ஒவ்வொரு தேர்தலாக எழுதிக் காட்டுகின்றார்.

அவர் 23 ஆண்டுகள் தென்மாநிலங்களில் வாழ்ந்து கற்பித்தவர். அங்கே கறுப்பினத்தவரின் வாக்கை எவரும் கேட்டதில்லை. சட்டத்தாலோ அதிகாரிகளின் சூழ்ச்சியாலோ உரிமை பறிக்கப்பட்டிருந்தது. பின்னாளில் பெயரளவில் உரிமை இருந்தபோதும், உண்மைத் தேர்தல் வெள்ளையர் மட்டுமே பங்கேற்ற கட்சி முன்தேர்தலில் முடிந்துவிடும். வடமாநிலங்களில் வாழ்ந்த 32 ஆண்டுகளில் 8 குடியரசுத் தலைவர் தேர்தல்கள் வந்தன.

1912-இல் தியடோர் ரூஸ்வெல்ட்டின் புதுக் கட்சியை ஆதரிக்க எண்ணினார். அதன் மாநாடு கறுப்பினச் சிக்கலைத் தொடாமல் நழுவவே, தென்னாட்டவராயினும் தாராள மனத்தினர் எனக் கருதி உட்ரோ வில்சனுக்குத் துணை நின்றார். 1916-இல் சிறு தீமையென ஹியூஸ். 1920-இல், ஹெய்ட்டித் தீவுக்கு விடுதலை தருவதாகச் சொன்ன ஹார்டிங். 1924-இல், வெல்ல மாட்டார் எனத் தெரிந்தே லா ஃபொலெட். 1928-இல், இரு பெருங்கட்சியினரும் கறுப்பின மக்களை இழிவு செய்ததால் சோஷலிஸ்டு நார்மன் தாமஸ். 1932-இல் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். தெற்கே சென்று திரும்பியபின் 1948-இல் முற்போக்குக் கட்சியின் ஹென்றி வாலஸ். 1952-இல் அதே கட்சியின் வின்சென்ட் ஹாலினன்.

இங்கே வாசகர் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். வில்சன், ஹியூஸ், ஹார்டிங், ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஆகிய நால்வரும் பெருங்கட்சியினர். லா ஃபொலெட், தாமஸ், வாலஸ், ஹாலினன் ஆகிய நால்வரும் மூன்றாம் அணியினர். எட்டில் நான்கு வாக்கு ஒருபுறம், நான்கு மறுபுறம்! சிறு தீமைக்கு வாக்களிப்போரும் மூன்றாம் அணிக்கு வாக்களிப்போரும் ஒருவரையொருவர் எள்ளி நகையாடும் உலகில், இருவழியிலும் சரிபாதி நடந்து பார்த்து, இரண்டின் வலியையும் அறிந்து பேசும் சாட்சி இவர்.

எழுத்தின் சிறப்பு

இப்பகுதியின் நடை போற்றத்தக்கது. அறுபதாண்டுக்கு மேற்பட்ட பொதுவாழ்வை எழுத வந்த புலவர், ஒவ்வொரு தேர்தலையும் இரண்டு மூன்று வாக்கியங்களில் முடித்துவிடுகின்றார். ஹியூஸ் எதையும் தருவதாகச் சொல்லவில்லை என்பதையும், அந்தச் சொல்லில் அவர் தவறவில்லை என்பதையும் சேர்த்து எள்ளும் இடம், சிரிப்பை வருவித்துப் பின் நெஞ்சைச் சுடுவது. தம் பிழைகளை அவர் மறைக்கவில்லை. வில்சனை ஆதரித்ததையும் அதன் விளைவையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு, நான் ஏமாற்றப்பட்டேன் என்று புலம்பாமல் அடுத்த தேர்தலுக்குப் போய்விடுகின்றார். தம்மைத் தாமே வழக்கு மன்றத்தில் நிறுத்தும் இந்நேர்மை அரசியல் கட்டுரைகளில் அரிது.

அந்த வில்சன் கதை சற்று விரித்துரைக்கத்தக்கது. 1912 தேர்தலுக்கு முன், கறுப்பின மக்களுக்கு நீதி வழங்குவதாக வில்சன் அலெக்சாண்டர் வால்ட்டர்ஸ் என்னும் மதகுருவுக்குக் கடிதமே எழுதியிருந்தார். பதவியேற்ற 1913-இலேயே அவருடைய அமைச்சர்கள் நிதித்துறையிலும் அஞ்சல்துறையிலும் கறுப்பின ஊழியரை வேறாகப் பிரித்து அமர்த்தினர். முறையிடச் சென்ற குழுவின் தலைவர் மன்ரோ டிராட்டரை 1914-இல் வில்சன் கடிந்து அனுப்பினார். உள்நாட்டுப் போருக்குப் பின் கூட்டரசுப் பணிகளில் கண்டிராத பாகுபாடு இவர் காலத்தில்தான் புகுந்தது என்பது டூ பாய்ஸின் குற்றச்சாட்டு. வரலாறு அதற்குச் சான்று பகர்கின்றது.

கணக்கேடு முடிந்ததும் தீர்ப்பு வருகின்றது. 1956-இல் போட்டியிடுவோர் குடியரசுக் கட்சியின் ஐசன்ஹோவரும் ஜனநாயகக் கட்சியின் ஸ்டீவன்சனும். பள்ளிகளில் இனப்பிரிவினை கூடாது என 1954-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை நிறைவேற்ற முன்னவர் கட்சி என்ன செய்தது? மிசிசிப்பியின் ஈஸ்ட்லண்டைப் போன்ற இனவெறியரைத் தாங்கி நிற்கும் பின்னவர் கட்சிதான் என்ன செய்யும்? கட்சிகள் பெயரளவில் இரண்டாயினும் உண்மையில் ஒன்றே; ஒன்றே இருக்கும்போது, 'இரு தீமைகளுள் சிறியது' என்னும் பேச்சுக்கே இடமில்லை என்பது அவர் முடிபு. மூன்றாம் அணியையும் தேர்தல் சட்டங்களும் செய்தித்தாள்களும் அரசின் அச்சுறுத்தலும் சேர்ந்து நசுக்கிவிட்டன. எனவே வாக்களிக்கப் போவதில்லை. இது நம்பிக்கையிழப்பன்று; விடாப்பிடியான நம்பிக்கையே என்கின்றார்.

சாட்சியமா, வகாலத்தா?

இம்முடிபை ஏற்பதா, மறுப்பதா? அதற்குமுன் வாக்கு என்பது யாது என்று கேட்டாக வேண்டும். கராச்சியில் வாழ்ந்து 1976-இல் மறைந்த மார்க்க அறிஞர் முஃப்தி முஹம்மது ஷஃபீ இதற்கு மூன்று நிலைகளில் விளக்கம் தந்துள்ளார். வாக்கு ஒரு சாட்சியம். இவர் தகுதியுடையவர் என்று வாக்காளர் சாட்சி சொல்கின்றார். அது ஒரு பரிந்துரை. அது ஒரு வகாலத். தமக்காகச் செயற்பட ஒருவருக்கு அளிக்கும் அதிகாரம். நம் பள்ளிவாசல் முற்றத்து வழக்கின் சிக்கல் இதில் அவிழ்வதைக் காண்கின்றோம். வெல்லாத நல்லவருக்கு வாக்களிப்பவர், வாக்கைச் சாட்சியமாகக் கொள்கின்றார். பொய்ச்சாட்சி சொல்ல அவர் மனம் ஒப்பவில்லை. சிறு தீமைக்கு வாக்களிப்பவரோ அதை வகாலத்தாகக் கொள்கின்றார். வழக்கறிஞர் உத்தமரா என்பதைவிட வழக்குத் தோற்காதிருக்க வேண்டுமே என்பது அவர் கவலை. இருவரும் இருவேறு வினாக்களுக்கு விடை சொல்லிக்கொண்டு, ஒரே வினாவுக்கு மாறுபட்ட விடை சொல்வதாக எண்ணிச் சண்டையிடுகின்றனர்.

சிறு தீமையை ஆதரிப்போர் ஃபிக்ஹுச் சட்டக்கலையின் முதுமொழி ஒன்றைத் துணைக்கு அழைப்பதுண்டு. உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த 'மஜல்லா' சட்டநூலில் அது 29-ஆம் விதியாக உள்ளது: இரு தீமைகளுள் இலேசானது தேர்ந்துகொள்ளப்படும். ஆனால் விதிகள் தனித்தனியே வாழ்வனவல்ல. அதே நூலின் 22-ஆம் விதி, நிர்ப்பந்தத்தால் வரும் அனுமதி அந்நிர்ப்பந்தத்தின் அளவோடு நின்றுவிடும் என்கின்றது. சிறு தீமையை ஏற்ற நாளோடு கடமை முடிவதில்லை. நிர்ப்பந்தம் நீங்கும் வழியைத் தேடும் கடமை அன்றே தொடங்குகின்றது. இவ்விரண்டாம் விதியை மறந்து முதல் விதியை மட்டும் ஓதுவோர் சிறு தீமையைத் தம் நிலையான வீடாக்கிக்கொள்வர். டூ பாய்ஸின் கோபம் உண்மையில் இவர்கள்மீதுதான், அக்கோபம் நேர்மையானது.

நாம் மாறுபடும் இடம்

எனினும், அவருடைய கணக்கேட்டுக்கும் அவர் தீர்ப்புக்கும் இடையே ஒரு பிளவு இருக்கின்றது. அதை மூன்று நிலைகளில் காட்டலாம்.

முதலாவது, கணக்கேடு தன் முக்கியமான வரவை எழுதாமல் விட்டுவிட்டது. 1948-இல் அவர் வாலஸுக்கு இட்ட வாக்கு தோற்ற வாக்கு. நாடு முழுதும் வாலஸ் பெற்றது ஏறத்தாழ 2.4 சதவீதமே. ஆனால் அத்தோல்விக்குள் நிகழ்ந்தது என்ன? வாலஸ் கறுப்பின வாக்குகளைக் கவர்ந்துவிடுவாரோ என்னும் அச்சம் ட்ரூமனின் ஆலோசகர்களை வாட்டியது. படைத்துறையில் இனப்பிரிவினை நீடித்தால் கறுப்பின இளைஞர் படையில் சேர மறுப்பர் எனத் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் மற்றொரு புறம் எச்சரித்தார். 1948 ஜூலை 26 அன்று, தேர்தலுக்கு நான்கு திங்களுக்கும் குறைவாக இருக்கையில், படைகளில் சமவாய்ப்பு வழங்கும் ஆணையில் ட்ரூமன் ஒப்பமிட்டார். நவம்பரில் ட்ரூமனே வென்றார். நியூயார்க் மாநிலத்தில் வாலஸ் பிரித்த ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளால் ட்ரூமன் அம்மாநிலத்தை இழந்தது உண்மை, நாட்டை இழக்கவில்லை. வீணான வாக்கென்று எள்ளப்பட்ட வாக்கு, வெல்லும் கட்சியை அஞ்சவைத்து ஓர் ஆணையை ஈன்றெடுக்க உதவியது. இது மூன்றாம் அணியின் பக்கம் நிற்கும் மிகப் பெரிய சான்று. அவ்வணியில் நின்றவரே அதை எடுத்துரைக்கவில்லை.

அதுபோன்றே 1932-இல் ரூஸ்வெல்ட்டுக்கு இட்ட வாக்கும். அவ்வாக்கு தானாக எதையும் தந்துவிடவில்லை. 1941-இல் பல்லாயிரவரைத் திரட்டித் தலைநகருக்கு அணிவகுப்பேன் என்று அதே ராண்டால்ஃப் அறிவித்தபின்னரே, பாதுகாப்புத் தொழில்களில் இனப்பாகுபாட்டைத் தடைசெய்யும் ஆணை ஜூன் 25 அன்று பிறந்தது. 1912-இல் வில்சனிடம் வசூலிக்க முடியாததை 1941-இலும் 1948-இலும் வசூலிக்க முடிந்தது ஏன்? இடையே கறுப்பின மக்கள் லட்சக்கணக்கில் தெற்கிலிருந்து குடிபெயர்ந்து சிகாகோ, டெட்ராய்ட், ஃபிலடெல்பியா, நியூயார்க் ஆகிய நகரங்களில் வாக்காளராகியிருந்தனர். சங்கங்கள் கட்டியிருந்தனர். 1912-இன் வாக்குக்குப் பின்னால் வெறுங்கை இருந்தது. 1948-இன் வாக்குக்குப் பின்னால் கூட்டம் இருந்தது. வாக்கு யாருக்கு விழுந்தது என்பதைக் காட்டிலும், விழுந்த மறுநாள் அதை வசூலிக்க யார் நின்றார்கள் என்பதே விளைவை முடிவு செய்திருக்கின்றது. கணக்கேட்டைக் கூர்ந்து படிப்போர்க்கு அது உணர்த்தும் பாடம் இதுவே. எழுதியவர் இப்பாடத்தை எடுக்காமல் ஏட்டையே மூடிவிட்டார்.

இரண்டாவது, வாக்களியாமை ஊமைச் செயல். தேர்தலில் பிறருக்குத் தாம் அறிவுரை எதுவும் சொல்வதற்கில்லை என்று ஓரிடத்தில் கூறும் டூ பாய்ஸ், இறுதியில் இரண்டரைக் கோடிப்பேர் தாமாகவே வாக்களியாதிருந்தால் நாடு விழித்துக்கொள்ளும் என்று நம்புகின்றார். அறிவுரை இல்லை என்பவர் படைதிரட்டலாமா என்பது ஒருபுறமிருக்க, அமெரிக்காவில் அக்காலத்தே வாக்குரிமைக்குரிய வயதினருள் ஏறத்தாழப் பத்தில் நால்வர் வாக்களிப்பதில்லை. அவர்களால் நாடு விழிக்கவில்லையே! சோம்பலால் வராதவரையும் சினத்தால் வராதவரையும் வாக்குப்பெட்டி எவ்வாறு பிரித்தறியும்? சாட்சியம் என்பது சொன்னாலன்றோ சாட்சியம்! எண்பத்தெட்டு வயதுப் பேரறிஞரின் மௌனத்துக்கு 'தி நேஷன்' இடங்கொடுத்தது. பெயரற்ற கூலித் தொழிலாளியின் மௌனத்துக்கு இடங்கொடுக்கும் ஏடு எது? இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2013-இல் அளித்த தீர்ப்பின் பயனாக, நிற்பவர் எவரும் வேண்டாம் என்பதற்கே வாக்குப்பொறியில் தனிப் பொத்தான் வந்தது. மறுப்புக்கும் ஒரு குரல் வேண்டும் என்னும் தேவையிலிருந்து பிறந்ததே அது.

மூன்றாவது, இதுவே நம் நெஞ்சை அதிகம் உறுத்துவது. கட்டுரை வெளியாவதற்கு முந்திய ஆண்டு, 1955 மே திங்களில், மிசிசிப்பி மாநிலத்துப் பெல்சோனியில் ஜார்ஜ் லீ என்னும் மதகுரு சுட்டுக் கொல்லப்பட்டார். கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் பதிவுசெய்ததே அவர் செய்த குற்றம். ஆகஸ்டுத் திங்களில், அதே மாநிலத்துப் புரூக்ஹேவனில், நீதிமன்ற வளாகத்துப் புல்வெளியில், பட்டப்பகலில், லமார் ஸ்மித் என்னும் விவசாயி சுட்டு வீழ்த்தப்பட்டார். அவரும் வாக்குக்காகவே உழைத்தவர். கட்டுரை அச்சேறிய வாரத்தில் மாண்ட்கோமரி நகரப் பேருந்துப் புறக்கணிப்பு பதினோராம் மாதத்தில் நடந்துகொண்டிருந்தது. தெற்கே ஒரு வாக்குரிமைக்காக உயிரைக் கொடுத்தவர்கள் புதைகுழியில் இருக்க, வடக்கே உரிமையைக் கையில் வைத்திருந்தவர் அது பயனற்றதென மடித்து வைக்கின்றார். அவ்வுரிமை உண்மையிலேயே பயனற்றதாயின், அதைத் தடுக்க வெள்ளை இனவெறியர் துப்பாக்கி ஏந்தியிருப்பரோ? 1957 மே 17 அன்று லிங்கன் நினைவகத்தின் முன் நின்று மார்ட்டின் லூதர் கிங் கேட்டதும் வாக்குரிமையைத்தான். 1965 ஆகஸ்டு 6 அன்று அது சட்டமாயிற்று. அதைக் காண டூ பாய்ஸ் இல்லை. 1963 ஆகஸ்டு 27 அன்று, புகழ்பெற்ற வாஷிங்டன் பேரணிக்கு முதல்நாள், கானா நாட்டு அக்ராவில் அவர் கண்மூடியிருந்தார்.

இதனால் அவர் பெருமை குன்றிவிடாது. விலங்கிடப்பட்ட முதியவரின் கசப்பை வசதியான நாற்காலியில் அமர்ந்து நாம் பழித்தல் தகாது. நாம் சொல்வது ஒன்றே: அவர் ஏடு அவர் தீர்ப்பைவிட அறிவு மிக்கது.

அக்கணக்கேட்டின் பின்வரவுகள்

அவ்வேடு அவரோடு முடிந்துவிடவில்லை. அமெரிக்க முஸ்லிம்கள் அதில் இரு பக்கங்கள் எழுதியுள்ளனர். குற்றஞ்சாட்டப்பட்டவருக்கே காட்டாத இரகசியச் சான்றுகளைக் கொண்டு குடியேறியோரைச் சிறைவைக்கும் வழக்கம் 1990-களில் அவர்களை வருத்திவந்தது. 2000 அக்டோபர் 11 அன்று நடந்த தொலைக்காட்சி விவாதத்தில் ஜார்ஜ் புஷ் அதைக் கண்டித்தார். அதே திங்கள் 23-ஆம் நாள் முஸ்லிம் அமைப்புகளின் அரசியல் கூட்டுக்குழு அவருக்கு ஆதரவு அறிவித்தது. கறுப்பின முஸ்லிம்களுள் பலர் இம்முடிவோடு ஒத்துப்போகவில்லை. ஃபுளோரிடா மாநிலத்தில் புஷ் வென்றது 537 வாக்குகளில். அங்கே பசுமைக் கட்சியின் ரால்ஃப் நாடெர் பெற்றவை 97,488. சிறு தீமையென எண்ணி அளித்த வாக்கும், மனச்சான்றுக்கென அளித்த வாக்கும் கைகோத்து ஒருவரை அரியணை ஏற்றின. 2001 செப்டம்பர் 11-இன் கொடுமைக்குப் பின் வந்த சட்டங்களும், 2002-இல் பெரும்பாலும் முஸ்லிம் நாட்டு ஆடவரைக் குறிவைத்த சிறப்புப் பதிவும், 2003-இன் ஈராக் போரும் நாம் அறிந்தவையே. வேறொருவர் அப்பதவியில் இருந்திருப்பின் எல்லாம் நன்மையாகவே முடிந்திருக்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது. ஆயினும், 1912-இல் வில்சனின் கடிதத்தை நம்பியவர்களின் கதையை அவர்கள் படித்திருந்தால், ஒரு விவாதத்து வாக்கியத்தை விலையாகக் கொண்டு மொத்த வாக்கையும் கையளித்திருப்பரோ?

இரண்டாம் பக்கம் 2024-இல் எழுதப்பட்டது. காசாவில் நிகழ்ந்த பேரழிவுக்கு ஆயுதம் அளித்த பைடன் அரசைக் கண்டித்து, மிச்சிகன் மாநிலத்தில் பிப்ரவரி 27 அன்று நடந்த ஜனநாயகக் கட்சியின் முன்தேர்தலில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் 'எவருக்கும் உறுதியளிக்கவில்லை' என்னும் கட்டத்தில் முத்திரையிட்டனர். இது தூங்கியவரின் மௌனமன்று; எண்ணப்பட்ட மறுப்பு. நவம்பரில் அரபியர் மிகுந்த டியர்பார்ன் நகரத்து வாக்குகள் மூன்றாகப் பிரிந்தன: டிரம்புக்கு ஏறத்தாழ 42 சதவீதம், கமலா ஹாரிசுக்கு 36, பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைனுக்கு 18. மாநிலத்தில் டிரம்ப் ஏறத்தாழ 80,000 வாக்குகளில் வென்றார். ஸ்டைன் பெற்றவை ஏறத்தாழ 45,000. ஆகவே ஃபுளோரிடாவில் மூன்றாம் அணிமீது சுமத்தப்பட்ட பழியை மிச்சிகனில் அப்படியே சுமத்துதல் கணக்கறியாதார் செயல். நல்லவருக்கு வாக்களிப்போர் எல்லாரும் பெருந்தீமைக்குக் கதவு திறப்பவர் என்னும் பொதுச்சொல்லை எடுத்தாளுமுன், அந்தத் தொகுதியின் எண்களைப் பார்த்தாக வேண்டும்.

இவ்வினாவின் கொடுமையில் பாதி, தேர்தல் முறை இழைத்தது. ஒரு வாக்கு மேலாக வந்தவரே வென்றவர் என்னும் முறையில் சாட்சியமும் வகாலத்தும் ஒரே முத்திரைக்குள் சிறைப்படுகின்றன. இலங்கைக் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்காளர் 1, 2, 3 என விருப்ப வரிசை இடலாம். 2024 செப்டம்பரில் முதன்முறையாக இரண்டாம் எண்ணிக்கையே அங்குத் தேவைப்பட்டது. அமெரிக்காவிலும் மெய்ன் மாநிலம் 2020 முதல் குடியரசுத் தலைவர் தேர்தலில் இம்முறையைக் கைக்கொள்கின்றது. முதல் விருப்பத்தால் சாட்சி சொல்லி, இரண்டாம் விருப்பத்தால் பெருந்தீமையைத் தடுக்க அது வழிசெய்கின்றது. அம்முறை இல்லாத இடங்களில், இருபுறமும் இழப்பின்றி நடக்க இயலாது என்பதை ஒப்புக்கொள்வதே அறம்.

அப்படியானால் நம் முற்றத்து மூவருக்கும் என்ன விடை? சிறு தீமைக்கு வாக்களிப்பவர், அது கொடையன்று, கடன் என்பதை நினைவிற் கொள்ளட்டும். கடன் கொடுத்தவர் மறுநாள் காலை கதவைத் தட்ட வேண்டும். நல்லவருக்கு வாக்களிப்பவர், தம் சாட்சியம் வெல்பவரின் காதில் விழும் அளவுக்கு ஆட்களைச் சேர்க்கட்டும்; தனியே சொன்ன சாட்சியம் காற்றோடு போகும். கடையைத் திறக்கப் போகும் மூன்றாமவர், தம் மௌனத்துக்குப் பொருள் உண்டென்று எண்ணினால், அதை எழுதி ஒட்டிவிட்டாவது போகட்டும். டூ பாய்ஸ் அதையேனும் செய்தார்.

அவர் ஏட்டின் எட்டு வரிகளையும் நாம் மீண்டும் ஒருமுறை படித்துப் பார்த்தோம். ஒரு வரியிலும் அவர் வாக்கை விற்றதில்லை, அச்சத்துக்காக மாற்றிக்கொண்டதில்லை. ஒன்பதாவது வரி மட்டும் வெறுமையாக இருக்கின்றது. பெல்சோனியிலும் புரூக்ஹேவனிலும் கொல்லப்பட்டவர்களை நினைக்கும்போது, அந்த வரியையும் அவர் எழுதியிருக்கலாமே என்றே நம் மனம் ஏங்குகின்றது.